முட்டம் வரை ஒரு சாயா

வாசிக்கப்பட்டது தன்னுடைய பெயர்தான் என்று சுந்தர்சிங்குக்கு உறைப்பதற்குள் சபை முழுவதும் 'ஆமென்' சொல்லி முடித்துவிட்டது.

நெய்யூர்ப் பக்கத்து ஆலயங்களில் ஞாயிறு ஆராதனைக்கு நடுவே விளம்பர நேரம் என்று ஒன்று உண்டு. யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு ஆபரேஷன், யாருக்கு இன்னும் விசா வரவில்லை என்பதெல்லாம் மைக்கில் சபைக்கு அறிவிக்கப்பட்டு, அவர்களுக்காக ஜெபிக்கப்படும். சபைச் செயலர் ஜேசுதாஸ் கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்திக்கொண்டு, ஒருவருடைய பித்தப்பைக் கல்லுக்கும் இன்னொருவருடைய நர்சிங் பரீட்சைக்கும் இடையில், "நம் சபையார் திரு. சுந்தர்சிங் அவர்கள், வருகிற குடியரசு தினத்தன்று நடக்கும் மாரத்தான் ஓட்டத்தை இந்த முறையாவது முடிக்க" என்று நிதானமாக வாசித்திருந்தார்.

சுந்தர்சிங் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் மனைவி நேசம்மாள் கண்களை இறுக மூடி ஜெபத்தில் இருந்தாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"ஏட்டி, என்ன காரியம் செய்து வச்சிரிக்க? இனி நான் ரோட்டுல நடக்கண்டாமா?"

"நடக்கண்டாம். ஓடுங்க," என்றாள் நேசம்மாள். "ஜெபத்துக்குத்தானே குடுத்தேன். களவுக்கா குடுத்தேன்?"

"அந்த 'இந்த முறையாவது' ஆரு எழுதினது?"

"அது எனக்குத் தெரியாது. ஜேசுதாஸ் அண்ணன் சொந்தமா சேத்ததாயிரிக்கும்."

சுந்தர்சிங்குக்கு நாற்பத்தெட்டு வயது. பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். நாகர்கோவிலில் தொடங்கி, தோவாளை வரை போய்த் திரும்பி, சுசீந்திரம் வழியாகக் கன்னியாகுமரியில் முடிகிற அந்த நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் போன வருடமும் கலந்துகொண்டார். முப்பத்தோராவது கிலோமீட்டரில், ஈத்தங்காட்டில் சற்று உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சில் நம்பர் குத்திய பனியனோடு டவுன் பஸ்ஸில் ஊர் திரும்பினார். பஸ்ஸில் ஒரு கர்ப்பிணிப் பெண் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குக் காது சூடாகும்.

பிறகு முட்டு வலி வந்தது. முட்டு சரியானபோது சிக்குன்குனியா வந்தது. ஆகஸ்டில் உடம்பு தேறிவிட்டது, மனசுதான் தேறவில்லை. எடுத்த காரியம் எதையும் முடிக்காதவன் என்று தன்னைப் பற்றி அவருக்கே ஓர் அபிப்பிராயம் உண்டு. தபாலில் படித்த சட்டப் படிப்பு இரண்டாம் வருடத்தோடு நின்றது. கீபோர்டு கிளாஸ் ஒரே ஒரு பாட்டோடு நின்றது. இந்த ஓட்டத்தையாவது முடித்துவிட வேண்டும் என்று அவருக்கு உண்மையாகவே ஏக்கம் இருந்தது. ஆனால் அலாரம் அடித்ததும் புத்தி வேறு கணக்குப் போடும். எழுந்தால் ஓட வேண்டும், ஓடினால் வலிக்கும், வலித்தால் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் மறுபடியும் ஈத்தங்காடு. அதற்குப் போர்வையே மேல் என்று திரும்பிப் படுத்துவிடுவார்.

இப்போது சபையே ஜெபிக்கிறது. போர்வைக்குள் இருக்க வழியில்லை.

திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு, அரைக்கால் டிரவுசரும் ஷூவுமாக வெளியே வந்தார். தெருவில் வாசல் தெளித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"ஓடுங்க சார்வாள், நாங்க ஜெபிக்கோம்."

ஜெபிக்கிறவர்கள் முன்னால் நடப்பது மரியாதை இல்லை. தெரு முனை வரை ஓடினார். அங்கே பால் வாங்க நின்றவர்களும் ஜெபிக்கிறவர்கள்தான். மூச்சு இரைக்க இரைக்கத் திங்கள்நகர் திருப்பம் வரை ஓடி, கண்ணில் பட்ட முதல் சாயாக்கடைக்குள் புகுந்து, கடைசி பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். ஒரு சாயா, இரண்டு பழம்பொரி, பிறகு பேப்பர், பிறகு இன்னொரு சாயா என்று ஒன்றரை மணிநேரம் போயிற்று. கிளம்பும்போது கடைக் குழாயில் பனியனை நன்றாக நனைத்துக்கொண்டார்.

"எத்தற கிலோமீட்டர்?" என்றாள் நேசம்மாள்.

"எட்டு."

அவள் ஈரப் பனியனை வாங்கி, ஒருமுறை முகர்ந்து பார்த்து, வாளியில் போட்டாள். "ஸ்தோத்திரம்," என்று மட்டும் சொல்லி அவித்த முட்டை இரண்டை எடுத்து வைத்தாள்.

மூன்று நாள் இப்படியே போனது. நாளை முதல் ஒழுங்காக ஓட வேண்டும் என்று மூன்று நாளும் தீர்மானம் செய்தார். நான்காம் நாள் பழம்பொரியில் வாயை வைத்திருக்கும்போது எதிர் பெஞ்சில் ஒருவர் பேப்பரை மடித்தார். சபைச் செயலர் ஜேசுதாஸ்.

"என்ன சார், ஓட்டம் இவ்வளவுதானா?"

"சே, இது திரும்பி வாற வழியாக்கும்," என்றார் சுந்தர்சிங் அவசரமாக. "மண்டைக்காடு வரைக்கும் போயிட்டு வாறேன்."

"மண்டைக்காடா? டெய்லியா?"

"டெய்லி."

அந்த ஞாயிற்றுக்கிழமை மைக்கில் அதுவும் வந்துவிட்டது. தினமும் மண்டைக்காடு வரை ஓடி வருகிற நம் சபையார் சுந்தர்சிங்குக்கு முட்டில் பலம் கிடைக்க விசேஷ ஜெபம். சபை உருக்கமாக 'ஆமென்' சொன்னது.

திங்கள்நகர்க் கடை இனி ஆகாது. மண்டைக்காட்டில் சபைக்காரர் யாரும் இல்லை, அங்கே ஒரு கடை பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். ஆனால் எப்படிப் போவது? பஸ்ஸில் ஏறினால் டிரைவரிலிருந்து பின்சீட்டு வரை தெரிந்தவர்கள். ஸ்கூட்டரை எடுத்தால் நேசம்மாள் கேட்பாள். நடந்தே போனால் ஏழு மணிக்குள் திரும்ப முடியாது, எட்டரைக்குப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வேறு வழி இல்லாததால் பாதி தூரம் ஓடினார். முதல் நாள் போய்ச் சேர்ந்தபோது நாக்கு வெளியே தள்ளிவிட்டது. இரண்டாம் வாரத்தில் நிறுத்தாமல் போய், சாயா குடிக்க இருபது நிமிடம் மிச்சம் பிடித்தார்.

அந்த நிம்மதி ஒன்பது நாள் நீடித்தது.

"மச்சான், நீங்களா?" என்று யாரோ தோளைத் தட்டினார்கள். நேசம்மாளின் சித்தப்பா மகன் ராஜகுமார். அவன் வீடு தக்கலையில். மண்டைக்காட்டில் அவனுக்கு என்ன வேலை என்று கேட்க சுந்தர்சிங்குக்குத் தோன்றவில்லை. மாட்டிக்கொண்டவன் எங்கே கேள்வி கேட்பான்?

"மச்சான், மணவாளக்குறிச்சி வரைக்கும் போறியன்னு அக்கா சொன்னா. இஞ்ச இரிக்கிய?"

"இந்தா, இனி அங்கதான். சாயா குடிச்ச உடனே போறேன்."

"நான் இஞ்ச நின்னு பாக்குதேன், போங்க."

அன்றைக்கு உண்மையாகவே மணவாளக்குறிச்சி வரை போக வேண்டியதாயிற்று. போன இடத்தில் ஒரு நல்ல கடை இருந்தது. கடற்கரைக்காரர்கள் வருகிற கடை. கத்தோலிக்க ஊர், சபையும் வேறு, சம்பந்தமும் வேறு, இங்கே யாரும் நம்மைத் தேடி வரப்போவதில்லை என்று பெருமூச்சு விட்டார். நவம்பர் மழையில் நனைந்துகொண்டே போய் வந்தார். மழை விட்ட நாட்களிலும் குழாயடியில் பனியனை நனைக்க வேண்டியிருக்கவில்லை. அது ஏன் என்று அவர் யோசிக்கவில்லை.

அலமாரிக் கதவின் உட்புறம் பயிற்சி அட்டவணை ஒன்றை ஒட்டியிருந்தார். வாரம் நான்கு நாள் ஓட்டம், ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். சனிக்கிழமைதோறும் பேனாவோடு அதன் முன்னால் நிற்பார். ஒரு கட்டத்திலும் டிக் இல்லை. சாயா குடிக்கப் போனதையெல்லாம் பயிற்சி என்று எழுத அவருடைய மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருத்தத்தோடு கதவைச் சாத்துவார்.

டிசம்பர் முதல் வாரம், மணவாளக்குறிச்சிக் கடை வாசலில் ஒரு மீன் கூடை இறங்கியது. கூடைக்காரி அவரை உற்றுப் பார்த்தாள்.

"நேசம்மாக்கா வீட்டு சாரில்லியா?"

அவர்கள் தெருவுக்குத் தினமும் மீன் கொண்டுவருகிற வேளாங்கண்ணி. சாளை வாங்கினாலும் அரைமணி நேரம் பேசிவிட்டுத்தான் நேசம்மாள் அவளை அனுப்புவாள்.

"சார் முட்டத்துக்குல்லா ஓடுதியன்னு அக்கா பெருமை பேசிச்சு. இஞ்ச இரிந்து வடை தின்னுக்கிட்டிரிக்கிய?"

வடை தொண்டையில் நின்றது. "முட்டத்துக்குத்தான். இப்ப எழும்பப் போறேன்."

"செரி. நான் அக்காட்ட சொல்லுதேன்."

என்ன சொல்லப் போகிறாள் என்று அவள் சொல்லவில்லை. சுந்தர்சிங் எழுந்து ஓடினார்.

முட்டம் போய்த் திரும்ப இருபது கிலோமீட்டருக்கு மேல் ஆகும். விடுமுறை நாட்களில் மட்டும் அங்கே போவது, மற்ற நாட்களில் பாதி வழியில் கடை மாற்றிக்கொள்வது என்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். முட்டத்துக் கடையில் அவரை யாருக்கும் தெரியாது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒருநாள், பாறைகளுக்கு அப்பால் படகுகள் கரைக்குத் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே ஓடி வந்தவர், சாயா குடிக்க மறந்து அப்படியே திரும்பிவிட்டார். பாதி வழியில்தான் நினைவு வந்தது. அன்றைக்கு அவருக்குக் காரணம் புரியாத ஒரு சந்தோஷம் இருந்தது. வீட்டு வாசலை மிதித்ததும் அது போய்விட்டது. ஓட்டத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான், அட்டவணையோ வெள்ளைத்தாள்.

ஜனவரி பதினாறாம் தேதி அவரால் பொறுக்க முடியவில்லை. பொங்கல் விடுமுறை. அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த நேசம்மாள் முன்னால் போய் நின்றார்.

"நேசம், உனக்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் ஒரு நாளும் ஓடல்ல."

அவள் துருவுவதை நிறுத்தவில்லை. "பின்ன?"

"சாயா குடிக்கப் போனேன்."

"எங்க?"

"முதல்ல திங்கள்நகர். பின்ன மண்டைக்காடு. இப்ப முட்டம்."

"முட்டத்துக்கு எப்பிடிப் போனிய?"

"ஓடித்தான்."

"வந்தது?"

"அதுவும் ஓடித்தான். ஆனா பயிற்சின்னு ஒண்ணும் செய்யல்ல. எல்லாரையும் ஏமாத்திட்டேன். உன்னையும் ஏமாத்திட்டேன். ஈத்தங்காட்டுல மறுபடியும் இரிந்திருவேன். எனக்குத் தெரியும்."

நேசம்மாள் தேங்காய் மூடியைத் தட்டி வைத்தாள். அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது. அழப் போகிறாள் என்று அவர் பயந்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள். தோள்கள் குலுங்கின.

"செரி, அழாத," என்றார்.

"இல்ல," என்றாள் திரும்பாமலே. "போய் இரிந்தா இரிந்துட்டு வாங்க. நம்பர் வாங்கியாச்சுல்லா, போகாம இரிக்கண்டாம்."

மன்னித்துவிட்டாள் என்பதே அவருக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அன்று மாலை முழுவதும் அவள் போனில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு யார் யார் எங்கே என்று முறை போடுவதும் அவள்தான். சங்க காரியம் என்று சுந்தர்சிங் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

குடியரசு தினத்தன்று நாகர்கோவிலில் கொடி ஏற்றுவதற்கு முன்பே ஓட்டம் தொடங்கிவிட்டது. தோவாளை போய்த் திரும்பியது தெரியவில்லை. சுசீந்திரம் தாண்டியபோதுகூட மூச்சு அவர் வசம் இருந்தது. பயிற்சியே இல்லாத உடம்பு இவ்வளவு தூரம் எப்படி வந்தது என்று அவருக்கு ஆச்சரியமாகவும் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

இருபத்தொன்பதாவது கிலோமீட்டரில் வெயில் ஏறியது. முப்பதில் தொடை கல்லானது. ஈத்தங்காடு என்ற பலகையைப் பார்த்ததும் கால்கள் தாமாகவே நின்றன. பின்னால் வந்தவர்கள் கடந்து போனார்கள். இத்தனை பேர் ஜெபித்தும் தான் அதே மனிதன்தான் என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது. சாலையோரம் ஒரு சாயாக்கடை. உள்ளே எட்டிப் பார்த்தார். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. கடைசி பெஞ்சில், சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"ஒரு சாயா," என்றார்.

சாயா வந்தது. கண்ணாடி டம்ளரை அவர் எடுப்பதற்குள் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு அதை எடுத்துக்கொண்டது. வெள்ளைச் சேலை, மடியில் வேதபுஸ்தகப் பை. ஐக்கிய சங்கத் தலைவி தேவகனி அக்கா, எழுபது வயது, தூணுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது அவர் கண்ணில் படவில்லை.

"அக்கா, நீங்க இஞ்ச எப்பிடி?"

தேவகனி அக்கா சாயாவை ஊதி, ஒரு வாய் குடித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஜெபக்கூட்டத்துக்கு முறை போடுற மாதிரி, ஐப்பசியில இரிந்து நீ இரிக்கிற சாயாக்கடைக்கெல்லாம் உனக்க பெண்டாட்டி முறை போட்டு ஆளு அனுப்புதா, இன்னைக்கு ஈத்தங்காடு எனக்காக்கும், எழும்பி ஓடு மக்கா, பொற்றையடி, கொட்டாரம், விவேகானந்தபுரம் எல்லாக் கடையிலயும் நம்ம ஆளு காலையிலயே வந்து இரிக்கி."