தலையணையுறைக்காரர்

தலையணையுறைக்காரர் ஒரு வீட்டு வாசலில் வந்து நின்றால், உள்ளே ஆள் தப்பாது என்று திருகோணமலைத் துறைமுகப் பக்கம் முழுவதும் முடிவுகட்டிவிடும். எதிர்வீட்டார் ஜன்னலைச் சாத்துவார்கள்.

துறைமுகப் பண்டகசாலையில் சாமான் சரிபார்த்தே காலம் கழித்து ஓய்வுபெற்றவர். பிறகு நோயாளிகளைச் சரிபார்க்கத் தொடங்கினார். ஒரே வருத்தத்துக்கு நாலு டொக்டரிடம் போவதும், ஒருவரிடம் போனதை மற்றவருக்கு மறைப்பதும் எங்கள் ஊர் மரியாதை. சொன்னால் டொக்டருக்கு மனம் நோகுமாம். மனுசனுக்கு இது பொறுக்காது. நோயாளியின் தலைமாட்டுத் தலையணையை உருவி, உறையைக் கழற்றி, குளிசை, கஷாயப் போத்தல், எக்ஸ்ரே, டொக்டர்மார் எழுதிய துண்டு எல்லாவற்றையும் அதற்குள் போடுவார். நோயாளியையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் டொக்டரின் மேசையில் கவிழ்ப்பார்.

சல்லிக் கிராமத்தில் வள்ளமும் வலையும் வைத்திருந்த ஒரு சம்மாட்டியாருக்கு ஈரல் வருத்தம். உறையைக் கவிழ்த்தபோது அரைப்போத்தல் சாராயமும் உருண்டு வந்தது.

"இதுவும் குடிக்கிறவர் டொக்டர். குளிசையை இதோடதான் விழுங்கிறவர்" என்றார்.

சம்மாட்டியார் சாகும்வரை அவரோடு கதைக்கவில்லை. சாக ஆறு வருசம் எடுத்தது.

என் அக்காவுக்கு இதயமும் பழுது, சிறுநீரகமும் பழுது. ஊர் டொக்டரின் மருந்து போதாதென்று களவாகக் கண்டியில் ஒரு டொக்டரிடமும் கொண்டுபோய்க் காட்டினேன். அதற்குப் பிறகு ஓயாத சத்தி. ஒரு பருக்கை வயிற்றில் தங்கவில்லை. நோய் முற்றிவிட்டதென்று சொந்தக்காரருக்கெல்லாம் அறிவித்துவிட்டோம். கூப்பிடாமலே இவர் வந்து நின்றார்.

"கண்டிக்குப் போன கதையை இங்கத்தை டொக்டருக்குச் சொன்னனீங்களோ?"

"எப்பிடி அண்ணை சொல்லுறது? அவர் என்ன நினைப்பார்?"

"உங்கட அக்கா செத்தால் என்ன நினைப்பார்?"

கண்டிக் குளிசையை அலுமாரிக்குள் ஒளித்தேன். கதவைத் திறந்து எடுத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அவர் உறையைக் கவிழ்த்ததும், டொக்டர் இரண்டு குளிசைப் போத்தல்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் வெள்ளைக் குளிசை, மற்றதில் கண்டியில் தந்த மஞ்சள் குளிசை. பெயரும் வேறு.

"இரண்டும் ஒரே மருந்து. இரண்டு மடங்கு குடுத்திருக்கிறீங்கள். சத்தி அதாலதான்."

நேரம் தவறாமல் என் கையால்தான் கொடுத்தேன். அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலவில்லை.

மஞ்சள் குளிசையை நிறுத்திய பத்தாம் நாள் அக்கா சொதியும் சோறும் சாப்பிட்டாள். ஆனால் இதயம் தேறவில்லை. இன்னும் சில மாதம்தான் என்று டொக்டர் சொன்னதை அவளிடம் சொல்ல வீட்டில் ஒருவருக்கும் துணிவில்லை. அக்கா தலையணையுறைக்காரரையே கேட்டாள்.

"அண்ணை, மறைக்காமல் சொல்லுங்கோ. நான் தப்புவனோ?"

"இல்லைப் பிள்ளை" என்றார். சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்து ஏங்கி ஏங்கி அழுதார்.

"அழாதீங்கோ அண்ணை. சாப்பிட ஏலுது, அது காணும். இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

எத்தனையோ மாதம் படுக்கையில் கிடந்தவள், தானே எழும்பிக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டுவந்து கொடுத்தாள். அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தாள். அந்த ஏழு மாதமும் அவர் எங்களுக்குத் தந்தது. கூடப்பிறந்த அண்ணன் எனக்கு இல்லை. இருந்திருந்தாலும் அவன்மேல் இவ்வளவு பாசம் வைத்திருப்பேனோ தெரியாது.