கப்பலேறப் போன பிரம்மச்சாரி

உலக சரித்திரம் என்பது வேறொன்றுமில்லை. வீட்டை விட்டு ஓடிய கணவன்மார்களின் கதை.

ஆதி மனிதன் குகையை விட்டு ஏன் வெளியே வந்தான்? புலி வேட்டைக்கு என்பார்கள். பொய். உள்ளே இருந்ததற்குப் புலி பரவாயில்லை என்று வந்தான். மகா அலெக்சாந்தர் சிந்து நதி வரைக்கும் போனாரே, வெறும் ராஜ்ஜியத்துக்காக ஒருவன் அவ்வளவு தூரம் போவானா? நோவாவை மட்டும் நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அவ்வளவு பெரிய கப்பலைக் கட்டிவிட்டு மனைவியையும் ஏற்றிக்கொண்ட அப்பாவி.

இந்த வரிசையில் அடுத்த பெயர் என்னுடையது என்று தீர்மானித்தேன். தோரிபியோ. செவில் நகருக்கு அக்கரையில், திரியானாவில், கப்பல் ரொட்டி சுடுகிறவன்.

சுடுகிறவன் என்பதுகூடப் பெருமைக்குத்தான். அடுப்பு என் மனைவி மென்சியாவினுடையது. அவள் அப்பா சீதனமாகத் தந்தது. ரொட்டி சுடுவது அவள். சுடுசொல்லும் அவளே. நான் மாவு பிசைவேன், மூட்டை கட்டுவேன், திட்டு வாங்குவேன். மென்சியாவின் மென்மை பெயரோடு சரி.

எங்கள் நதித்துறையிலிருந்து கப்பல்கள் இந்தியாவுக்குப் போகின்றன. மிளகு விளையும் இந்தியா அல்ல. வழி தவறிப் போய்ச் சேர்ந்துவிட்டு, ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு, இந்தியா என்றே சாதித்து வரும் இந்தியா. ஒருநாள் ஜாடையாகப் பேச்செடுத்தேன்.

“புதுப்புது நாடாக் கண்டுபிடிக்கிறாங்களாம், மென்சியா.”

“அங்கே ஏற்கெனவே ஆளுங்க இருக்காங்களா?”

“ஏராளமா இருக்காங்களாம்.”

“அப்ப அவங்க என்னிக்கோ கண்டுபிடிச்சாச்சு. நீங்க உப்பு ஜாடி எங்கேன்னு கண்டுபிடிங்க, போதும்.”

தேடினேன். கிடைக்கவில்லை. என் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்ததாம். அதற்கும் திட்டு. அன்றே முடிவு செய்துவிட்டேன், அடுத்த கப்பலில் நான் இருப்பேன் என்று.

ஒரே ஒரு சிக்கல். கல்யாணமானவன் கப்பலேற வேண்டுமானால், அவன் மனைவி துறைமுக எழுத்தர் முன்னால் வந்து நின்று ‘சம்மதம்’ என்று சொல்ல வேண்டும். ராஜாங்கச் சட்டம். சிறையிலிருந்து தப்பிக்கிறவன் காவலாளியிடம் சாவி கேட்டு வாங்க வேண்டுமாம்!

மதுக்கடையில் நண்பன் பாஸ்குவாலிடம் புலம்பினேன்.

“இதுக்கா அழுவுறே? கல்யாணம் ஆனவனுக்குத்தானே சம்மதம் வேணும்? ஆகாதவனுக்கு?”

“எனக்குத்தான் ஆயிடுச்சேப்பா.”

“ஆகலைன்னு நான் சத்தியம் பண்றேன். ஒரு ஜாடி ஒயின் வாங்கிக் குடு. ரெண்டு ஜாடி குடுத்தா, நீ பொறக்கவே இல்லைன்னுகூட பண்ணுவேன்.”

ஒரு ஜாடியோடு நிறுத்திக்கொண்டேன். மறுநாள் சிலுவையைத் தொட்டு, நான் பிரம்மச்சாரி என்று எழுத்தர் முன் சத்தியம் செய்தேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போது நாக்கு இனித்தது. பாஸ்குவால் சாட்சி சொன்னான்.

கப்பல் புறப்படும் நாளும் வந்தது. ரொட்டி மூட்டைகளை இறக்கிவிட்டு வருகிறேன் என்று மென்சியாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மூட்டையோடு மூட்டையாக நானும் ஏறிவிடுவதாகத் திட்டம். ஏறு பலகையில் ஒரு காலை வைத்துவிட்டேன்.

“பிடிங்க அந்தப் பிரம்மச்சாரியை!”

மென்சியா! கல்யாணப் பட்டு உடுத்தி, தலையில் மணப்பெண்கள் சூடும் ஆரஞ்சுப் பூ வைத்திருந்தாள். ஒரு பக்கம் எழுத்தர். மறு பக்கம், அதே கப்பலில் போகவிருந்த, எங்களை யாரென்றே அறியாத ஒரு பாதிரியார். பின்னால் பாஸ்குவால், என் முகத்தைப் பார்க்காமல், நான் வாங்கிக் கொடுத்ததைவிடப் பெரிய ஜாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான்.

“என்னைக் கட்டிக்கிறேன்னு வாக்குக் குடுத்துட்டு ஓடப் பாக்கறாருங்க ஐயா!” என்று எழுத்தரிடம் ஓவென்று அழுதாள். அவளுக்கு வெங்காயமே தேவையில்லை.

“வாக்குக் குடுத்தீரா, இல்லையா?” என்றார் எழுத்தர்.

கொடுத்தேன். மாதா கோயிலில், ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு, என்றைக்கோ கொடுத்தேன்! அதை எந்த வாயால் சொல்வது? துறையில் நின்ற திரியானாக்காரர்கள் எல்லாருக்கும் உண்மை தெரியும். வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். என்னைக் காப்பாற்ற அல்ல, சிரிப்பை அடக்க.

மென்சியா என் காதருகே வந்தாள். “ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சுன்னு சொல்லுங்களேன். பொய்ச்சத்தியம் பண்ணவங்களைச் சங்கிலியில கட்டி, ராஜா கப்பல்ல துடுப்பு வலிக்க விடுவாங்களாம். அதுவும் கடல் பயணந்தானே?”

“குடுத்தேன் ஐயா,” என்றேன்.

“அப்ப கட்டிக்கிட்டுத்தான் கப்பல்ல ஏறணும்,” என்று தீர்ப்புச் சொன்னார் எழுத்தர்.

பாதிரியார் அங்கேயே கையைப் பிடித்துக் கொடுத்தார். “இந்தப் பெண்ணை முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறாயா?” முதல் தடவை தெரியாமல் ‘ஆம்’ என்றேன். இந்தத் தடவை எல்லாம் தெரிந்தே சொன்னேன்.

“ஏண்டி, ஒருத்தனுக்கு ஒரே பொண்டாட்டியோட ரெண்டு கல்யாணமா?” என்று பல்லைக் கடித்தேன்.

“நம்ம கப்பல் ரொட்டி மாதிரிதாங்க. ரெண்டு தடவை வெந்தாத்தான் கெட்டுப் போகாம இருக்கும்.”

கப்பலில் பாய் விரித்துவிட்டார்கள். எனக்கு ஆசை மட்டும் விடவில்லை.

“ஐயா, அதான் கட்டிக்கிட்டேனே. ஏறலாமில்லையா?”

“தாராளமா,” என்றார் எழுத்தர். “ஆனா இப்ப நீர் கல்யாணமானவர். இந்த அம்மா சம்மதிக்கணும்.”

அவள் காலில் விழாத குறைதான். “ஒரே ஒரு வார்த்தை, மென்சியா! சம்மதம்னு சொல்லிடேன்!”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கண்ணில் நிஜமாகவே கோபம். “முன்னாடியே என்னைக் கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேனே! இந்தக் கப்பல்லயாவது இந்த மனுஷன் போகட்டும்னு, ஒவ்வொரு கப்பலுக்கும் மாதாவுக்கு மெழுகுத்திரி ஏத்தினவ நான்!”

“அப்ப இப்ப சொல்லேன்டி!”

“இப்பவா?” தலையில் இருந்த பூவைச் சரிசெய்துகொண்டாள். “வச்ச பூகூட வாடலை. கட்டின கையோட புருஷனைக் கப்பலேத்தி அனுப்பிட்டாளேன்னு ஊரு என்னைத் தப்பாப் பேசாதா?”