எவெரால்டோ சன்ரூஃப் அடைத்த படலம்

வாழி! முப்பத்தோராண்டுகள் பதிவாளர் அலுவலகத்தில் ரப்பர் முத்திரை என்னும் வச்சிராயுதம் ஏந்தி, வரிசையில் நின்ற மாந்தரை வாட்டி வதைத்த வீரத்திருமகன் வாழி! மருத்துவம் கல்லாது, ஆராய்ச்சி எழுதாது, கழுத்துப்பட்டி ஒன்றாலேயே ஊரார் வாயால் ‘டாக்டர்’ எனப்பெற்ற எவெரால்டோ பந்தோஜா வாழி! தெருவெல்லாம் மாமரங்கள் குடைவிரிக்கும், அமேசான் கழிமுகத்துப் பெலேம் மாநகரில், நாள்தோறும் பிற்பகல் இரண்டுக்குப் படையெடுத்து வரும் மழையரசனோடு அவர் பொருத பெரும்போரை இனிச் சொல்லத் தொடங்குகிறோம். மழையரசே, சற்றே ஒதுங்கி நின்று கேட்பாயாக. உன் பெயரும் ஓரிரு இடங்களில் வரும்.

போருக்குக் காரணம் ஒரு பெண். காவியமென்றால் அப்படித்தானே! ஆனால் இவள் கவர்ந்து செல்லப்பட்டவள் அல்லள். நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டியவள். டாக்டரின் ஒரே மகள் ஜுசாராவுக்கு அந்தச் சனிக்கிழமை திருமணம். அழைப்பிதழில் நேரம் ‘மழைக்குப் பின்’ என்று அச்சாகியிருந்தது. பெலேம்காரருக்கு அதைவிடத் துல்லியமான மணி எந்தக் கடிகாரத்திலும் இல்லை. ஏழு திங்களுக்கு முன்பே, இருவீட்டாரும் கூடிய விருந்தில், வறுத்த மீனும் அசாயிப் பழக் கூழும் சாட்சியாக நம் கோமான் எழுந்து சூளுரைத்திருந்தார்.

“என் மக வாடகைக் கார்ல போய் இறங்கினா, நான் என் பேரையே மாத்திக்கிறேன்!”

அந்தச் சூளுரை ஏறிச்செல்லவிருந்த தேரோ பதினோரு வயதான கருநீலக் கார். அதன் மணிமுடியோ கூரையில் திறக்கும் கண்ணாடியாகிய சன்ரூஃப். பெலேமில் அதைத் திறந்தால் ஒன்று வெயில் விழும், இல்லையேல் மாங்காய் விழும். ஆதலின் வாங்கிய நாள்தொட்டு இருமுறையே திறக்கப்பட்டது. ஊரார் பார்க்கத் துடைக்கப்பட்டதோ நாள்தோறும். அத்தகைய முடியினின்றும் திருமணத்துக்குப் பன்னிரு நாள் முன்னர் ஒரு துளி நீர், ஒற்றைத் துளி, பகைவன் விடுத்த ஓலை போல டாக்டரின் பிடரியில் வந்து விழுந்தது.

“எதிர்வீட்டு மார்லூசியக் கேளு, எவெரால்டோ. அவளுக்குக் கார் வேலைதான தொழிலே” என்றாள் மனைவி ஒதினெயா.

“வீட்டுக் கூரை ஒழுகினா யாரு ஏறி அடைக்கிறா? நான்! இது என்ன, குட்டிக் கூரை!”

விதி அப்போதே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டது.

திருமணக் காலை. பழைய பல்துலக்கியை வாளாகவும், ஈரத்துணியைக் கேடயமாகவும், சிலிக்கான் பசைக்குழலைத் தண்டாயுதமாகவும் கொண்டு, முக்காலி மேலேறி நின்றார் மாவீரர். கண்ணாடியைத் திறந்தார், உள்ளே கூரையைச் சுற்றியோடும் கால்வாயில் பாசறை அமைத்திருந்த சருகுகளையும் மாம்பூக்களையும் சிறைப்பிடித்தார், ரப்பர் விளிம்பைத் துடைத்தார், கண்ணாடி நகரும் தண்டவாளத்துக்கு மசகு பூசினார். இம்மட்டில் நிறுத்தியிருந்தால் இப்படலத்துக்கு வேலையில்லை. ஆனால் கால்வாயின் நான்கு மூலைகளிலும் நான்கு துளைகள் அவர் கண்ணில் பட்டன. மழையூரில் பிறந்த ஆண்மகனுக்குத் துளையென்றால் பிறவிப்பகை. ஓட்டில் கண்டால் அடைப்பான், தகரத்தில் கண்டால் அடைப்பான், எதற்கு இருக்கிறதென்று கேட்கமாட்டான். நம்மவர் நான்கையும் பசையால் நிரப்பி, கட்டைவிரலால், ஆம், முத்திரை குத்தினார்.

இரண்டு மணி. மழை வந்தது. யானைப்படை போல் முழங்கி, ஈட்டி மழையாய்ச் சொரிந்து, தெருவை ஆறாக்கி, ஒருமணி நேரம் நின்று பொழிந்தது. புத்தாடை பூண்ட டாக்டர் காருக்குள் நிமிர்ந்து அமர்ந்து, அம்பு மழையிலும் அசையாத அரசர்போல் அதைப் பொறுத்தார். ஒரு துளி? இல்லை! மழை ஓய்ந்தது. வாசலில் கூடிநின்ற சுற்றத்தாருக்கு முன் கார்க்கதவைத் திறந்து கைகளை விரித்தார்.

“பாத்துக்குங்க! ஒரு சொட்டு இருக்கா? ஒரே ஒரு சொட்டு?”

கைதட்டல் எழுந்தது. அப்போது எதிர்வீட்டுப் படியிலிருந்து மார்லூசி கூவினாள்:

“டாக்டர்! மூலையில நாலு ஓட்டை இருந்திச்சே, அதை என்ன பண்ணீங்க?”

“அடைச்சாச்சு!”

“அடக் கடவுளே! தண்ணி வெளிய போற வழியே அதுதான்! வண்டிய எடுக்காதீங்க!”

வெற்றிவேந்தன் காதில் எச்சரிக்கை ஏறுமா? கதவைச் சாத்தி, மணமகள் நிற்கும் படிக்கட்டு நோக்கிப் பத்தடி தூரம் தேர் செலுத்தி, அனைவரும் காணக் கம்பீரமாகப் பிரேக்கை மிதித்தார். மேலே விளிம்புவரை தளும்பிக் காத்திருந்த கால்வாய், அணையுடைந்த அமேசான் எனப் பாய்ந்து, முன்னிருக்கையிலிருந்த மாவீரரின் தலை, தோள், மடி அனைத்தையும் முறைப்படி நீராட்டியது.

ஒதினெயா கைபேசியை எடுத்து வாடகைக் கார் தேடலானாள்.

மார்லூசி வந்தாள். திருப்புளியால் பசையைக் கிளறி எடுத்தாள்; புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் நரம்பைத் துளையிலிருந்து கீழிறங்கும் குழாய்க்குள் விட்டு மெல்ல ஆட்டினாள். சக்கரத்தின் பின்னாலிருந்து மாம்பூச் சேறு கொப்பளித்து, அதன்பின் நீர் ஓடியது.

“மாம்பூ அடைச்சது ஒரு குழாயைத்தான் டாக்டர். மத்த மூணையும் அடைச்சது நீங்க.”

தலையில் ஒரு மாம்பூவோடு டாக்டர் தரையைப் பார்த்தார். வெண்பட்டாடையைக் கைகளில் அள்ளிப் பிடித்தபடி ஜுசாரா இறங்கி வந்து, பின்கதவைத் திறந்து, இருக்கையைத் தடவிப் பார்த்தாள்.

“அம்மா, போனை வை. பின்சீட்டு காஞ்சுதான் இருக்கு. நான் அப்பா வண்டியிலதான் போவேன். அப்பா, என்ன, அழறீங்களா?”

“அழல. தண்ணி.”

பிறகு டாக்டர் வீட்டுக்குள் போய் வேறு பேன்ட் மாட்டிக்கொண்டு வந்தார்.