வீட்டில் குடியிருக்கும் வைக்கோல் ஆள்

அச்சுவேலி,
14.10.2025, செவ்வாய்க்கிழமை, காலை 9.40.
வங்கிக்குப் போன தடவைகள்: ஏழு. வந்து சேர்ந்த கூரை ஓடுகள்: பூச்சியம்.

பெருமதிப்புக்குரிய மாமாவுக்கு,

கொழும்பில் நீங்களும் மாமியும் சுகமென்று நம்புகிறேன். நாங்களும் சுகம், கூரையில்லாத ஆட்கள் இருக்கக்கூடிய அளவுக்கு.

நெருக்கடி வந்த வருசம் சீமெந்து விலை ஏற, எங்கள் வீட்டுச் சுவர் யன்னலுக்கு மேலே போகாமல் நின்றது உங்களுக்குத் தெரியும். இப்போது பொருளாதாரம் எழும்பிவிட்டதாம். அரைகுறை வீடுகளை முடிக்க அரசாங்கம் குறைந்த வட்டியில் கடன் தருகிறதாம். "வங்கியெல்லாம் திருந்தீட்டுது, இனி ஒருத்தருக்கும் பல்லிளிக்கத் தேவையில்லை, எல்லாம் கொம்பியூட்டர்" எண்டு சொன்னது நீங்கள்தான். கார்த்திகையிலை கோபிகா அக்கா பிள்ளைப்பேற்றுக்கு வாறா, மழையும் வாறது அப்பதான், நாங்கள் இப்ப இருக்கிற இந்தத் தகரக் கொட்டிலுக்குள்ளை பச்சைப்பிள்ளையை எங்கை வளத்துறது எண்டு நானும் விண்ணப்பிச்சன். நேற்று வங்கியிலை கடன் பகுதியிலை இருக்கிற சுவர்ணா அக்கா சொல்லுறா:

"தம்பி, உங்கடை வீட்டிலை ஒரு ஆள் குடியிருக்கிறார். ஆள் இருக்கிற வீட்டுக்கு இந்தக் கடன் இல்லை."

எனக்கு உடனை விளங்கீட்டுது. கண்ணூறு படாமல் அம்மா புதுவீட்டு வாசலிலை வெருளி கட்டியிருக்கிறா. வைக்கோல் உடம்பு, என்ரை தொழினுட்பக் கல்லூரிச் சேட்டு. விண்ணப்பத்தோடை நாங்கள் அனுப்பின வீட்டுப் படத்திலை கொம்பியூட்டர் அதை ஆளெண்டு எண்ணிப்போட்டுது!

"அது வெருளி, அக்கா. வைக்கோலுக்கு உயிர் இருக்கோ?"

"உயிரைப் பற்றி இதிலை கேள்வி இல்லைத் தம்பி. ஒண்டு எண்டு கிடக்கு, அவ்வளவுதான்."

வீட்டை வந்து வெருளியைக் கழட்டப்போக, அம்மா குறுக்காலை நிண்டா.

"கண் பட்டால் சுவர் வெடிக்குமடா!"

"சுவர் வெடிக்கிறது கலவை பிழைச்சால்தான் அம்மா."

"கலவை பாத்தது நீதானே? அதுக்குத்தான் கட்டினனான்."

கழட்டிப்போட்டன். அதிலையிருந்து அம்மா என்னோடை கதைக்கிறேல்லை. சோத்துக் கோப்பையை வைச்சிட்டு மாட்டோடை கதைக்கிறா.

இனி நான் செய்யப்போவது:

1. வெருளியில்லாத புதுப்படம் வங்கிக்கு.
2. சரிவராவிட்டால் தலைமை அலுவலகத்துக்கு முறைப்பாடு, பிரதி நிதி அமைச்சுக்கு.
3. அதுவும் சரிவராவிட்டால், அந்தக் கொம்பியூட்டரை வித்தவனைத் தேடிப்பிடித்து மனுசனையும் வைக்கோலையும் பக்கத்திலை நிற்பாட்டிக் காட்டுவன்.

மாமிக்கு என் அன்பு. உங்கள் ஆசி எங்கள் சுவருக்கும் சேர்த்து வேண்டும்.

மருமகன்,
கஜீவன்

பி.கு.: கடிதத்தை ஒட்டமுன்னம் சுவர்ணா அக்கா ரெலிபோனிலை கோல் எடுத்தா. படத்திலை ஆளை எண்ணுற வசதியே அவையிட்டை இல்லையாம். விண்ணப்பத்தின்ரை நாலாம் பக்கத்திலை, 'தற்போது தங்கியிருப்போர்' எண்ட இடத்திலை ஆரோ '1' எண்டு எழுதியிருக்காம். எழுத்து என்ரை. சீமெந்து மூட்டைக்குக் காவலா நான் ராவிலை அந்த அரைகுறை வீட்டுக்குள்ளை படுக்கிறனான். உள்ளதை உள்ளபடி நிரப்பவேணும் எண்டு நிரப்பினனான். காவலுக்குப் படுக்கிறவன் குடியிருக்கிற ஆள் இல்லையாம். நாளைக்குத் திருத்திக் கையெழுத்து வைச்சால் வெள்ளிக்கிழமை காசு வருமாம். மேலை எழுதின மூண்டையும் வெட்டிவிடுங்கோ. அம்மா கோல் எடுத்துக் கேட்டால், கொம்பியூட்டரிலைதான் பிழையெண்டு நீங்களும் ஒருக்காச் சொல்லுங்கோ மாமா. நீங்கள் சொன்னால் நம்புவா.