காருக்குத் தகப்பனார்

கார் வைத்திருக்கும் தகப்பனார் ஓர் இனம். காருக்கே தகப்பனாராக வாழ்பவர் வேறோர் இனம். முதல் இனத்தவர் காரில் ஏறுவார்கள், போவார்கள், வருவார்கள், சக்கரத்தில் காற்று இறங்கினால் அதற்கு ஓர் உதையும் கொடுப்பார்கள். அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இரண்டாம் இனத்தவர் அரியவர். அவர்கள் வீட்டில் கார் நிறுத்தப்படுவதில்லை, எழுந்தருளியிருக்கிறது. வழிபாடு தம்மோடு முடிந்துவிடக் கூடாதே என்ற கவலையில் அவர்கள் பெற்ற பிள்ளைக்கும் தீட்சை கொடுத்துவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

இனத்தை விளக்க ஒருவரைக் காட்டினால் போதும். ஓசூரை அடுத்த மூக்கண்டப்பள்ளியில், தொழிற்பேட்டைக்கு இரண்டு மைல் தள்ளிக் குடியிருந்த சம்பங்கியைப் பாருங்கள். பெயரைக் கேட்டுப் பெண்பிள்ளை என்று எண்ண வேண்டாம். அந்தப் பக்கத்தில் மீசை வைத்தவர்களுக்கும் அந்தப் பூவின் பெயர் உண்டு. பர்கூர்ப் பக்கத்துப் பூர்வீக நிலத்தில் ஓர் ஏக்கரை விற்று, 1969-ஆம் வருடம், பெங்களூரில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரிடமிருந்து பால்நிற பியட் கார் ஒன்றை வாங்கினார். மறு வருடம் மகன் பிறந்தான். ஆகவே அந்த வீட்டில் மூத்தது கார், இளையவன் திம்மராயன். இந்த வரிசையை அவர் ஒருநாளும் மறந்ததில்லை. மற்றவர்களை மறக்க விட்டதும் இல்லை.

நித்திய பூசை எப்படி நடந்தது என்கிறீர்களா? விடியலில் திருப்பள்ளியெழுச்சி. முதலில் மேலே கிடக்கும் தார்ப்பாய், அதன் கீழே ஒரு ஜமக்காளம், அதற்கும் கீழே மனைவி மங்கம்மாவின் பழைய பருத்திப் புடவை என்று மூன்று திரைகளும் ஒவ்வொன்றாக விலகும். பிறகு துணியில் வடிகட்டிய நீரால் திருமஞ்சனம். பிறகு சக்கரத்தில் தொடங்கிக் கூரையில் முடியும்படி, பாதாதிகேசமாக ஒரு துடைப்பு. பிறகு எஞ்சினை இயக்கிவிட்டுக் கண்களை மூடி இரண்டு நிமிடம் அதன் ஓசையில் திளைத்து நிற்பார். பிறகு அணைப்பார். மூன்று திரைகளும் மறுபடி விழும். கொட்டகைக் கதவு பூட்டப்படும். சம்பங்கி சைக்கிளில் ஏறித் தொழிற்பேட்டையில் தாம் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்குப் போவார்.

அப்படியானால் கார் எப்போது ஓடும்? நியாயமான கேள்வி. மழையில் ஓடாது, துரு பிடிக்கும். கோடையில் ஓடாது, வண்ணம் மங்கும். மழையும் வெயிலும் இல்லாத நாளில், கருங்கல் ஏற்றிய லாரிகள் குறைந்த வேளையில், உறவில் ஏதேனும் கலியாணம் வாய்த்தால் ஓடும். அப்போதும் பாரம் ஏறினால் ஸ்பிரிங் தளருமே என்று மங்கம்மாவைப் பெரும்பாலும் பேருந்தில் அனுப்பிவிட்டு அவர் மட்டும் காரில் பின்னே வருவார். மண்டபத்தை அடைந்த பிறகு மரத்தடியில் நிறுத்தினால் காக்கை, வெட்டவெளியில் நிறுத்தினால் வெயில், சாலையோரம் நிறுத்தினால் லாரி என்று மூன்று பகைகளையும் எண்ணியெண்ணி மண்டபத்தை வலம்வந்துகொண்டிருக்கையில் உள்ளே கெட்டிமேளம் கொட்டிவிடும். பதினொரு கலியாணத்துக்குக் காரில் போனவர், தாலி கட்டுவதை ஒருமுறையும் பார்த்ததில்லை. ஆனால் எந்த மண்டபத்தின் பின்புறத்தில் எத்தனை மணிக்கு நிழல் எங்கே விழும் என்று கேட்டுப் பாருங்கள், துல்லியமாகச் சொல்வார்.

தப்பித்தவறி உங்களை ஏற்றிக்கொண்டால் அதைவிடத் தொல்லை. கதவை ஓங்கிச் சாத்தினால் கன்னத்தில் அறைபட்டவர்போலக் கண்களை மூடிக்கொள்வார். பயந்து மெல்லச் சாத்தினால், "சரியா சேரல, தொறந்து சாத்துங்க" என்பார். இரண்டுக்கும் நடுவே ஓர் அளவு இருக்கிறது. அது அவருக்குத்தான் தெரியும். சூளகிரியைத் தாண்டியதும் சட்டென்று கையை உயர்த்துவார். எல்லாரும் பேச்சை நிறுத்த வேண்டும்.

"ஏதோ சத்தம் வருது. கேக்குதா?"

ஒருவருக்கும் கேட்காது. "கேக்குதுங்க," என்பாள் மங்கம்மா. கேட்கவில்லை என்றால் கேட்கும்வரை வண்டி நிற்கும் என்பது அவளுக்குப் பழக்கம்.

இனி, பிள்ளையை வளர்த்த பெருமை. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாக வகுத்து, சிறுதேர் உருட்டும் பருவத்தை நிதானமாகக் கடைசியில் வைத்தார்கள். சம்பங்கிக்கு அவ்வளவு பொறுமை ஏது? அம்புலி காட்டிச் சோறூட்ட வேண்டிய வயதில் ஹெட்லைட்டைக் காட்டி ஊட்டினார். சப்பாணி கொட்ட வேண்டிய கைகளில் மஞ்சள் துணியைத் திணித்தார். முத்தப் பருவத்தில் குழந்தை பானட்டை முத்தமிட்டது. தகப்பனார் ஆனந்தக் கண்ணீர் உகுத்தபடியே எச்சில் பட்ட இடத்தைத் துடைத்தார்.

பல வீடுகளில் இந்தத் தீட்சை பலிப்பதில்லை. பையன் பத்து வயதில் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறான். தகப்பனார் சில காலம் பெருமூச்சு விடுகிறார், பிழைத்துக்கொள்கிறார். திம்மராயன் ஓடவில்லை. ஐ.டி.ஐ. முடித்து, பேட்டையிலேயே வேறொரு தொழிற்சாலையில் சேர்ந்து, மாலையில் வீடு திரும்பியதும் காப்பிக்கு முன்னே கொட்டகைக்குப் போகிறவனாக வளர்ந்தான். 1990-ஆம் வருடத்து ஆயுத பூசையன்று, எலுமிச்சம்பழம் நசுங்கிய ஈரம் காய்வதற்குள், சம்பங்கி சாவியை அவன் கையில் வைத்தார். "இனிமே நீ பாத்துக்கடா," என்றார்.

அவன் பார்த்துக்கொண்டான். மிக நன்றாகவே பார்த்துக்கொண்டான். மூன்று திரைகள் நான்காயின. வடிகட்டிய நீர் இருமுறை வடிகட்டப்பட்டது. ஒரு மாதம் கழித்துச் சம்பங்கி கொட்டகைக்குள் நுழைந்தபோது, "நைனா, செருப்ப வெளிய விட்டுட்டு வாங்க," என்றான். அவருக்குச் சுருக்கென்றது. அடுத்த நொடியே நெஞ்சு விம்மியது. இரண்டில் எது மிகுந்தது என்று அவருக்கே விளங்கவில்லை. அன்றிலிருந்து இரண்டு வருடம் அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

இந்நிலையில்தான் 1992 ஆகஸ்டு மாதக் கடைசியில் அவருக்குப் பணி ஓய்வு வந்தது. அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம். தொழிலாளர் வண்டிகளுக்கு மற்ற நாளெல்லாம் வெளிக்கேட்டோடு சரி. ஓய்வுபெறும் நாளில் மட்டும் ஓய்வுபெறுகிறவரின் சொந்த வண்டி அலுவலக வாசல்வரை வரலாம்; மாலை மரியாதையோடு அவரே அதை ஓட்டிக்கொண்டு, இருபுறமும் தோழர்கள் நின்று கைதட்ட, கேட்டைக் கடந்து போகலாம். சைக்கிளை உருட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு. மொபெட்டில் போனவர்கள் உண்டு. கார் இதுவரை போனதில்லை. பதினேழு வருடமாக லேத்தின் முன் நின்றுகொண்டு சம்பங்கி கண்ட கனவு இந்த ஒன்றுதான்.

அவசரம் இன்னொன்றும் இருந்தது. உடன் வேலை செய்த ராஜப்பன் தேநீர் வேளையில் அதைப் பக்குவமாகச் சொன்னான்.

"சம்பங்கியண்ணா, கார் வருதில்ல? கேட்டுல சொல்லி வச்சிட்டன்."

"வரும்."

"தப்பா நெனச்சிக்காதீங்க. பசங்க ஒரு மாதிரி பேசிக்கறாங்க. அண்ணனுக்குக் காரே கெடயாது, பதினேழு வருசமா கதை உடறாருன்னு."

"வீட்டுக்கு வந்து பாத்தவங்க இருக்காங்களே."

"அவங்கதான் சொல்றாங்க. தார்ப்பாயத்தான் பாத்தாங்களாம். உள்ள வைக்கப்போரா இருந்தாலும் இருக்கும்ன்றாங்க."

"நீ என்ன சொல்ற?"

"நான் நம்பறண்ணா," என்ற ராஜப்பன், ஒரு வாய் தேநீரை உறிஞ்சிவிட்டு, "பாதி," என்று முடித்தான்.

அன்று மாலையே சம்பங்கி கொட்டகை வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"திம்மா, திங்கக்கெழம வண்டி எடுக்கணும்டா."

"எதுக்கு நைனா?"

"எதுக்கா? ரிட்டயர்டு ஆவறன்டா. நானே ஓட்டிக்கிட்டு வரணும்."

மகன் வெளியே வந்து வானத்தை அண்ணாந்து பார்த்தான். அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்று சம்பங்கிக்குத் தெரியாதா?

"உங்க கம்பெனி உள்ள ஜல்லி கொட்டியிருக்காங்களாமே."

"ஓரமா வந்தா போச்சு."

"மாலை வண்டிக்கும் போடுவாங்களா?"

"போடுவாங்கதான்."

"ஈர மாலை. பானட்டுல தண்ணி நிக்கும் நைனா."

சமையலறையிலிருந்து மங்கம்மாவின் சிரிப்பு வந்தது. பின்னாலேயே அவளும் வந்தாள். "ஏன்டா, உங்க நைனாவ அலைக்கழிக்கற? என்னாங்க, இவன் பொறந்த அன்னிக்கு நான் ஆஸ்பத்திரிக்கு எதுல போனேன், சொல்லுங்க பாக்கலாம்."

சம்பங்கி தரையைப் பார்த்தார். "மாட்டு வண்டியில."

"ஏனாம்?"

"அன்னிக்குத் தூறல்."

"அவ்ளோதான். நான் கேட்டுக் கேட்டுப் பழகிட்டன். உங்களுக்கு இப்பத்தான ஆரம்பம்."

மூன்று நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு உடன்பாடு ஏற்பட்டது. மகன் விடுப்பு எடுத்துக்கொண்டு காரைக் கொண்டுவருவான். வாசலில் தகப்பனாரிடம் சாவியைத் தருவான். அவர் கேட்டைத் தாண்டி ஒரு பர்லாங்கு ஓட்டலாம், இரண்டாம் கியருக்கு மேல் போகாமல். பிறகு இடம் மாறிக்கொள்ள வேண்டும். மங்கம்மா இதில் கலந்துகொள்ளவில்லை. வழியனுப்பும் நாளில் குடும்பத்தாரையும் ஏற்றிக்கொள்ளும் கம்பெனிப் பேருந்திலேயே வந்துபோவதாகச் சொல்லிவிட்டாள்.

அந்தத் திங்கட்கிழமை மாலை நான்கு மணி. சம்பங்கி கழுத்தில் சாமந்தி மாலையும் சட்டையெல்லாம் பன்னீருமாக அலுவலக வாசலில் நின்றார். சுற்றிலும் அறுபது பேர். அத்தனை பேரும் அவரைப் பார்க்காமல் கேட்டைப் பார்த்தார்கள். நான்கே காலுக்கு அது வந்தது. பால்நிறம், மாசில்லாத மேனி, பார்த்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

வந்தது, கேட்டுக்கு வெளியே பத்தடி தள்ளி நின்றது. திம்மராயன் இறங்கினான். கதவை அந்த அளவோடு சாத்தினான். குந்தி உட்கார்ந்து ஒரு ஜல்லியை எடுத்து அதன் முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். சம்பங்கி நடந்தே கேட்டுக்குப் போனார். அறுபது பேரும் பின்னால் வந்தார்கள்.

"உள்ள வாடா."

"கல்லு புதுசு நைனா. முனையே மழுங்கல."

"மெதுவா வாடா."

"டயருக்கு மெதுவா குத்துனா என்ன, வேகமா குத்துனா என்ன?"

அது சம்பங்கியே சொல்லிக்கொடுத்த பாடம். "சரி. இங்கயே ஏறிக்கறன். சாவியக் குடு."

மகன் அவரை மேலும் கீழும் பார்த்தான். "மாலையில தண்ணி சொட்டுது. சீட்டுத்துணி போன மாசந்தான் மாத்தனது."

அறுபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, பதினேழு வருடத்துக்காகப் போட்ட மாலையைச் சம்பங்கி தலைவழியே கழற்றி ராஜப்பனிடம் கொடுத்தார். கையை நீட்டினார். திம்மராயன் ஒரு கணம் தயங்கினான். பிறகு, அவனும் மகன்தானே, சாவியை அவர் கைக்கு நேராகக் கொண்டுவந்தான்.

அப்போது பானட்டின் மேல் ஒரு துளி விழுந்தது.

தகப்பனும் மகனும் அதை ஒரே சமயத்தில் பார்த்தார்கள். ஜவளகிரிக் காட்டுப் பக்கம் வானம் கறுத்திருந்தது. இரண்டாவது துளி விழுந்தது. சாவி இன்னும் இரண்டு கைகளுக்கும் நடுவே இருந்தது. சம்பங்கி நினைத்திருந்தால் வாங்கியிருக்கலாம், இரண்டே அங்குலம்.

"என்னடா பாத்துக்கிட்டு நிக்கற?" என்று அவர் அதட்டினார். "தூறுது. எடுடா வண்டிய."

"நீங்க, நைனா?"

"நான் வந்துக்கறன். சட்டையெல்லாம் ஈரம். நீ எடு, எடு."

கார் திரும்பியது, வழியிலிருந்த பள்ளத்தை விட்டு ஒதுங்கியது, புழுதியும் கிளப்பாமல் மறைந்தது. மாலையை ஏந்தியபடி நின்ற ராஜப்பன் மென்று விழுங்கினான். "நெசமாவே கார் இருக்குதுண்ணா. ஆனா பையன் இப்பிடிப் பண்ணிட்டானே."

"கிளட்ச்ச எப்படி உட்டான், பாத்தியா?" என்றார் சம்பங்கி. கண்கள் கலங்கியிருந்தன. "ஒரு குலுக்கல் இல்ல. அந்தப் பள்ளத்துல நானே எறக்கியிருப்பன். அவன் எறக்கல, பாத்தியா?"

கம்பெனிப் பேருந்தில் மங்கம்மா நகர்ந்து ஜன்னலோர இடத்தை அவருக்குத் தந்தாள். மழை வலுத்தது. கூரை ஒழுகி அவர் தோளில் சொட்டியது. துடைக்க ஒருவரும் வரவில்லை. ராஜப்பன் திருப்பிக் கொடுத்த மாலையை மடியில் வைத்துக்கொண்டு அவர் வெளியே பார்த்தபடி இருந்தார்.

"என்னாங்க," என்றாள் மங்கம்மா, "மழைநாள்ல நாம ரெண்டு பேரும் ஒரே வண்டியில போறது இதான் மொத தடவ."

அவள் நனையாதபடி அவர் ஜன்னல் கதவை இறக்கிவிட்டார்.

நல்லவேளை, நமக்குக் கார் இல்லை என்று நீங்கள் மூச்சுவிடுவது கேட்கிறது. அவசரப்பட வேண்டாம். உங்கள் வீட்டில் பூத்துணி போர்த்திய டிரான்சிஸ்டர் உண்டா? பிறர் தொட்டால் உங்கள் முகம் மாறுகிற ஸ்கூட்டர், வீணை, கண்ணாடி அலமாரிப் புத்தகம் ஏதாவது? அதை நீங்கள் துடைக்கும்போது உங்கள் பிள்ளை எப்படிப் பார்க்கிறான் என்று ஓரக்கண்ணால் கவனியுங்கள். கொட்டாவி விட்டால் கவலையில்லை, நீங்கள் தப்பித்தீர்கள். கண்கொட்டாமல் பார்க்கிறானா? அப்படியானால் உங்கள் தெருமுனையில் பேருந்து எத்தனை மணிக்கு வருகிறது என்று இன்றைக்கே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.