ரோமிங்கை அணைத்த கரடியார்

ஒரு காட்டில், அதுவும் எல்லாக் கிளையிலும் சிக்னல் கிடைக்கிற காட்டில், ஆவுடையப்பன் என்றொரு கரடியார் இருந்தார். வெளிநாடு போகிற விலங்குகள் எல்லாம் முதல் நாள் அவர் குகை வாசலில் வந்து நிற்கும். ரோமிங்கை எங்கே அணைப்பது, டேட்டாவை எப்படி மூடுவது, எந்த ஊரில் எந்த மரத்தடியில் ஓசி வைஃபை கிடைக்கும் என்றெல்லாம் விலாவாரியாகச் சொல்லி அனுப்புவார். அவர் அதுவரை பக்கத்து மலைக்குக்கூடப் போனதில்லை. யாரும் அதைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கடைசியில் அவரே கிளம்பவேண்டி வந்தது. அவர் மனைவி இசக்கியின் தம்பி சுடலைமணி கடலுக்கு அந்தப் பக்கத்துக் காட்டில் வேலை பார்த்தான். அக்காவும் தம்பியும் பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது. கல்யாணத்துக்கு நேரில் வந்து அழைக்காமல் பத்திரிகையைப் போனில் அனுப்பிவிட்டான் என்று அவளுக்குக் கோபம். அதைச் சாக்கு வைத்து வராமல் இருந்துவிட்டாள் என்று அவனுக்குக் கோபம்.

இப்போது அவனுக்குக் குட்டி பிறந்திருந்தது. கரடிக் குலத்தில் குட்டியின் காதில் மூன்று முறை பெயர் சொல்லவேண்டியவள் அத்தைதான். அத்தை வாயில் என்ன வருகிறதோ அதுதான் பெயர். பிறகு மாற்ற முடியாது. 'அக்கா வந்து சொல்லட்டும்' என்று சுடலைமணி ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினான். இசக்கி அன்றைக்கு முழுக்க அழுதாள், எல்லாம் சந்தோஷத்தில்தான்.

ஆனால் விசா படிவத்துக்கு முகத்தில் முடி இல்லாத படம் வேண்டுமாம். அவள் படம் மூன்று தடவை திரும்பி வந்தது. தேனீ கொட்டிக் கன்னத்து முடி உதிர்ந்திருந்த ஆவுடையப்பனின் படம் மட்டும் தேறியது. எனவே அவர் போவது, பெயர் வைக்கும் நாளில் நல்ல நேரமான பத்தரையிலிருந்து பதினொன்றுக்குள் போன் போட்டுக் குட்டியின் காதில் வைப்பது, இங்கிருந்து இசக்கி 'தேனப்பன்' என்று சொல்வது என முடிவாயிற்று.

"இத மட்டும் சொதப்பிராதீங்க. இதும் நடக்கலன்னா எனக்குத் தம்பியே இல்லாமப் போயிரும்," என்றாள் இசக்கி. ஆவுடையப்பன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

அக்கரையில் கால் வைத்ததும் முதல் வேலையாக ரோமிங்கை அணைத்தார். டேட்டாவை அணைத்தார். போன் தன்னிஷ்டத்துக்கு எதையாவது திறந்துகொண்டால் என்ன செய்வது என்று சிம்மையே கழற்றி மூக்குப்பொடி டப்பாவில் போட்டு மூடினார். அதற்குப் பிறகுதான் அவருக்கு மூச்சு சீராக வந்தது.

மச்சினன் வீட்டில் வைஃபை அமர்க்களமாக இருந்தது. பாஸ்வேர்டுதான் இல்லை. அவரோ அந்த வீட்டு மாப்பிள்ளை. மாப்பிள்ளை போய் மச்சினனிடம் பாஸ்வேர்டு கேட்பதா? அவர்களாக அல்லவா வந்து கொடுக்கவேண்டும்? இரண்டு நாள் அவர் போனைக் கூரைக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பெருமூச்சு விட்டுப் பார்த்தார். அத்தான் வாயைத் திறந்து கேட்டால் தரமாட்டேனா என்று சுடலைமணி அடுப்படியில் பெண்டாட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவனாக அக்காவுக்குப் போன் போடுவதும் நடக்காத காரியம். முதலில் அவள் குரல் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தான். இதைப் படித்துச் சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். சொல்கிறவனுக்கு அந்த யோக்கியதை இல்லை, மாமனார் வீட்டுக் கூரையை அவனும் நிறைய பார்த்திருக்கிறான்.

பெயர் வைக்கும் நாள் காலையில் ஆவுடையப்பன் நைசாக நழுவிப் படகுத்துறைக்குப் போனார். அங்கே ஒரு புளியமரத்தடியில் இலவச வைஃபை. ஆளுக்குப் பத்து நிமிடம் என்று ஒரு கொக்கு வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தது. அவருக்கு முன்னால் ஓர் ஆமை நின்றது. அது தன் பெயரை வைஃபை படிவத்தில் தட்டி முடிக்கும்போது மணி பத்தே முக்கால். அவர் முறை வந்ததும் இசக்கியை அழைத்தார். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அழைப்பு போகவே இல்லை. ஆனால் அவள் அனுப்பியிருந்த குரல் பதிவுகள் மூன்று மட்டும் வந்து விழுந்தன.

மூன்று! ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று முறை சொல்லவேண்டிய பெயரை மூன்று பதிவாகவே அனுப்பிவிட்டாளே, என்ன அறிவு இவளுக்கு என்று பூரித்துப் போனார். கேட்டுப் பார்க்க நேரமில்லை. நாலு காலில் ஓடினார்.

வீட்டில் உறவுக் கரடிகள் எல்லாம் வாசலைப் பார்த்தபடி இருந்தன. சுடலைமணியின் முகம் இறுகிப் போயிருந்தது. பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருந்தது. ஆவுடையப்பன் மூச்சு வாங்க வந்து, சத்தத்தைக் கூட்டி, போனைக் குட்டியின் காதருகே பிடித்து அழுத்தினார்.

"கஞ்சன்," என்றது முதல் பதிவு.

"சரியான கஞ்சன்," என்றது இரண்டாவது.

அணைக்கலாம் என்று அவர் பொத்தானைத் தேடுவதற்குள் மூன்றாவது ஓட ஆரம்பித்துவிட்டது. "கஞ்சன்! நாலு காசுக்குப் பாத்து எங்கயோ மரத்தடியில நிக்காரு. என் தம்பி புள்ள காதுல ஒரு பேரு சொல்லக்கூட எனக்குக் குடுத்து வைக்கலையே." அதற்குமேல் அழுகைதான் கேட்டது.

குட்டி கொட்டாவி விட்டது. சுடலைமணி எழுந்து தன் போனை எடுத்தான். அக்காவின் எண்ணை அழுத்தினான்.

"அக்கா," என்றான். "நாந்தான். நீ சொன்னது அம்புட்டும் வாஸ்தவம்க்கா. ரெண்டு நாளா கூரையப் பாத்துக்கிட்டு இருந்தாரு."

அந்தப் பக்கம் அழுகை சட்டென்று சிரிப்பாக மாறியது. அப்புறம் இருவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். மூன்று வருஷக் கதையில் ஐந்து நிமிடம்தான் போயிற்று. மீதி நேரம் முழுக்க ஆவுடையப்பன்தான். அவர் செருப்பைத் தைத்துத் தைத்துப் போடுவது முதல் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்கள். ஸ்பீக்கரில் போட்டதால் உறவினர்களும் சேர்ந்துகொண்டார்கள். குலவழக்கப்படி பதிவேட்டில் 'கஞ்சன், தந்தை பெயர் சுடலைமணி' என்று எழுதப்பட்டது.

ஆவுடையப்பன் ஓர் ஓரமாக உட்கார்ந்து பாயசம் குடித்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் இசக்கி இத்தனை வாய்விட்டுச் சிரித்து அவர் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது, அதில் அவருக்கு மனசு நிறைந்துதான் போயிற்று. கூடவே, ஒரு மணி நேரமாக ஓடும் அந்த வெளிநாட்டு அழைப்பு மச்சினன் போனிலிருந்து போவதையும் கவனித்து, இன்னொரு தம்ளர் பாயசம் கேட்டார்.

நீதி: வெளிநாட்டில் ரோமிங்கை அணைத்தே வையுங்கள். பிரிந்த சொந்தம் ஒன்றுசேர, எல்லாரும் கூடித் திட்டுவதற்கு ஒருவர் கட்டாயம் வேண்டும்.