கிணற்றுச் சுவரும் மூன்று காரணங்களும்

ஜனங்கள் எதற்காகச் சங்கம் கூடுகிறார்கள் என்று கண்டறிந்து அறிக்கை சமர்ப்பிக்கும்படி, தமிழகத்தோடு சேரக் கோரும் எல்லைக் கிளர்ச்சி சூடுபிடித்திருந்த நாளில், அதிகாரி காந்திமதிநாதனும் உதவி அதிகாரி வேலாயுதனும் பியூன் செல்லையனோடு குளத்தூருக்கு எழுந்தருளினார்கள்.

அங்கே அப்போதுதான் லீலாபாய் ஒரு சங்கம் தொடங்கியிருந்தாள். அவள் பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டது. முற்றத்தை ஒட்டிய சர்க்கார் கிணற்றுக்கோ சுவர் இல்லை. உத்தரவில்லாமல் அதில் ஒரு கல் வைக்கவும் கூடாது. தனியாள் மனு செல்லாது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். ஆகவே கூச்சக்காரியான அவள் பெண்களைக் கூட்டி, சபை வழக்கப்படி ஆரம்ப ஜெபம், பிரசிடென்ட், செக்ரட்டரி, முடிவில் சுக்குக் காப்பி என்று சகலமும் முறையாக ஏற்படுத்தினாள்.

"உங்க சுவர் தமிழகத்தோட சேரணுமா, இங்கேயே நிக்கணுமா?" என்று காந்திமதிநாதன் விசாரித்தார்.

"கெணத்தச் சுத்தி நின்னா போரும் சார்."

அதைக் குறித்துக்கொண்டு ஆராய்ச்சி ஆரம்பமாயிற்று. கஷ்டம் வந்தால் ஜனம் தானாகச் சேரும் என்றார் காந்திமதிநாதன். இல்லை, நாற்காலிக்கு ஆசைப்பட்ட ஒருவர் சேர்க்கிறார் என்றார் வேலாயுதன். காப்பிக்குத்தான் என்றான் செல்லையன்.

ஒரு வெள்ளிக்கிழமை காப்பியை நிறுத்திப் பார்த்தார்கள், பாதிப்பேர் வரவில்லை. மறு வெள்ளி பிரசிடென்ட் லீலாபாயை இறக்கிவிட்டு, கூட்டத்திலிருந்த சத்தியபாயைப் பிரசிடென்ட் ஆக்கினார்கள். செக்ரட்டரி சரோஜம் ராஜினாமா செய்துவிட்டாள். சமாதானத்துக்கு லீலாபாயையே மறுபடி உட்கார்த்த வேண்டியதாயிற்று. செல்லையனும் வேலாயுதனும் நெஞ்சை நிமிர்த்த, மேலதிகாரியின் முகம் வாடியது.

லீலாபாய் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "பெரிய சார் சொன்னத மட்டும் இன்னும் சோதிக்கல்லியே. கஷ்டத்தத் தீத்துப் பாத்தாதானே சங்கம் கலையுமா இல்லியான்னு தெரியும்?"

மனுவுக்கு அசையாத சர்க்கார், ஆராய்ச்சியின் பொருட்டு ஒரே வாரத்தில் சுவர் கட்டி முடித்தது. பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்தது.

சங்கம் கலைவதைக் காண அதிகாரிகள் வந்தபோது, பெண்கள் ஒருத்தி விடாமல் கூடியிருந்தார்கள். லீலாபாய் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"சுவர்தான் வந்தாச்சே, இனி எதுக்கு சங்கம்?" என்றார் காந்திமதிநாதன்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "ரோட்டுல ஒரு குழி உண்டு சார்."

"அதனால யாருக்காவது உபத்திரவம் உண்டா?"

"இதுவரைக்கும் இல்ல. இனி உண்டு."

ஆராய்ச்சி முடிந்தால் ஆபீசுக்குத் திரும்பி வேலை பார்க்க வேண்டுமே என்று காந்திமதிநாதனுக்கு அப்போதுதான் உறைத்தது. மூவரும் போய்க் குழியைச் சுற்றி நின்றார்கள். வெகுநேரம் யோசித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஆழமாக இருந்தால் எல்லாருக்கும் நல்லது என்று அவர் அபிப்பிராயப்பட்டார்.